ஒரு நாடு, ஒரு விமானம்: ஏர் நவுரு, டிசம்பர் 2005

2005 டிசம்பரில் மெல்போர்ன் விமான நிலையத்தில் ஒரு போயிங் 737-400 விமானம் ஜப்தி செய்யப்பட்டது. இப்படி நடப்பது ஒன்றும் புதிதல்ல. தவணை நின்றுபோனால் கடன் கொடுத்தவர் விமானத்தை எடுத்துக்கொள்வார். நூறு விமானம் வைத்திருக்கிற நிறுவனத்தில் ஒன்று போனால் பயணிகளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அன்றைக்குப் போனது ஏர் நவுருவின் கடைசி விமானம். அந்த நிறுவனத்திடம் வேறு விமானம் இல்லை, அந்த நாட்டிடமும் இல்லை. தீவில் இருந்தவர்கள் வெளியே போகவும், வெளியே இருந்தவர்கள் ஊர் திரும்பவும் அதை நம்பித்தான் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் சில நாள்களே இருந்தன.

இதைக் 'கடன் வாங்கிய நாடு, கடனைக் கட்டாத நாடு' என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. ஒரே விமானம் வைத்திருக்கிற நாட்டின் நிலைமை, இருபது விமானம் வைத்திருக்கிற நாட்டினுடையதைவிட இருபது மடங்கு சிறியது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படி இல்லை. அது வேறு வகையான நிலைமை. பழுது, மழை, விமானியின் காய்ச்சல், வங்கியின் நோட்டீஸ் என்று எது வந்தாலும் அந்த ஒன்றின் மேல்தான் வந்து விழும்.

தீவும் ஓடுபாதையும்

நவுரு பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டினாற்போல் இருக்கிற ஒற்றைத் தீவு. பரப்பு 21 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறக்குறைய 10,000 பேர். சுற்றிலும் பவளப் பாறை விளிம்பு, அதைத் தாண்டியதும் கடல் சட்டென்று ஆழமாகிவிடும். கப்பல் வந்து அணையும்படியான இயற்கைத் துறைமுகம் கிடையாது. அதனால் அங்கே விமானம் என்பது வசதி அல்ல, வாசல். தீவில் செய்ய முடியாத சிகிச்சைக்கு நோயாளி போவதும் அதில்தான், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வருவதும் அதில்தான்.

ஓடுபாதை தெற்கே யாரென் மாவட்டத்தில், கடலோரமாக நீண்டு கிடக்கிறது. நீளம் சுமார் 2,150 மீட்டர். தீவின் நீளமே 6 கிலோமீட்டர் அளவுதான் என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய இடம் என்று புரியும். விமானம் வரும் நேரத்தில் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஊரே ஓரமாக நின்று வழிவிடுகிற மாதிரி இருக்கும்.

அந்த ஓடுபாதைக்கு ஒரு கசப்பான பிறப்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1942 ஆகஸ்டில் ஜப்பான் தீவைப் பிடித்தது. கட்டாய உழைப்பைக் கொண்டு அங்கே விமானத்தளம் போட்டது. தீவின் மக்களில் 1,200 பேரை, பசிபிக்கில் அப்போது தன் வசமிருந்த ட்ரக் தீவுகளுக்கு நாடு கடத்தியது. போர் முடிந்து 1946 ஜனவரி 31 அன்று கப்பலில் திரும்பி வந்தவர்கள் 737 பேர். 1968-இல் விடுதலை பெற்றபோது நவுரு தேர்ந்தெடுத்ததும் அதே ஜனவரி 31-தான். தன் மக்களை யாரோ ஏற்றிக்கொண்டு போய், திரும்பி வர வழியில்லாமல் விட்ட நினைவு அந்த நாட்டின் பிறந்த நாளிலேயே இருக்கிறது. சொந்தமாக ஒரு விமான நிறுவனம் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்ததை வெறும் ஆடம்பரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஏழு, அப்புறம் ஒன்று

ஏர் நவுரு 1970 பிப்ரவரியில் பறக்கத் தொடங்கியது. முதல் விமானம் டசால்ட் ஃபால்கன் 20 என்ற சின்ன ஜெட். பிறகு ஃபோக்கர் எஃப்28, போயிங் 737, போயிங் 727 என்று வளர்ந்தது. அதற்கான பணம் பாஸ்பேட்டிலிருந்து வந்தது. தீவின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து உரத்துக்காக விற்ற பணம். 1970-களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்றாக நவுரு இருந்தது. மெல்போர்ன் நகரின் நடுவில் 52 மாடி நவுரு ஹவுஸ் 1977-இல் எழுந்ததும் அந்தப் பணத்தில்தான்.

1980-களின் தொடக்கத்தில் ஏழு விமானங்கள்வரை இருந்தன. ஹாங்காங், மணிலா, குவாம், ஹொனலூலு, ஆக்லாந்து, ஜப்பானின் ககோஷிமா என்று பறந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 8,000. எல்லா விமானத்தையும் ஒரே நேரத்தில் நிரப்பினால் பத்துப் பேரில் ஒருவர் வானத்தில் இருந்திருப்பார். ஆனால் நிரப்ப ஆள் ஏது? பெரும்பாலான இருக்கைகள் காலியாகவே பறந்தன. பயணச்சீட்டின் விலை செலவை ஈடுகட்டவில்லை, மிச்சத்தை அரசு கொடுத்தது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பறப்புகளால் பலன் பெற்றது நவுரு மட்டும் அல்ல. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போக வேறு நேர்வழி இல்லாத கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள், சாலமன் தீவுகள் போன்ற இடங்களை அது கோத்துவைத்திருந்தது. நட்டம் நவுருவின் கணக்கில் எழுதப்பட்டது, பயன் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போனது.

1988-இல் விமானிகளோடு வந்த தகராறிலும் பாதுகாப்பு பற்றிய கேள்விகளிலும் சேவை முடங்கியது. பாஸ்பேட்டும் வற்றத் தொடங்கியது. விமானங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. 1993-இல் புதிதாக ஒரு போயிங் 737-400 வந்தது. கடைசியில் நிலைத்தது அது ஒன்றுதான். முதலில் நவுருவின் பதிவில் சி2-ஆர்என்10 என்ற எண்ணோடு இருந்தது, பிறகு ஆஸ்திரேலியப் பதிவுக்கு மாறி விஎச்-ஆர்ஓஎன் ஆயிற்று. கடைசி மூன்று எழுத்தும் 'நவுரு குடியரசு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பெயர் நாட்டினுடையது, பதிவு அண்டை நாட்டினுடையது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை வைத்துக்கொண்டு பறப்பது எப்படி

முதலில் பராமரிப்பு. விமானத்துக்குக் குறிப்பிட்ட பறப்பு மணிகளுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம். சின்னச் சோதனையை ஏ செக் என்பார்கள், ஓர் இரவிலோ இரண்டு நாளிலோ முடிந்துவிடும். சி செக் வேறு. ஒன்றரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விமானத்தை ஹேங்கர் எனப்படும் பராமரிப்புக் கூடாரத்துக்குள் இழுத்துப் போய், இருக்கைகளையும் பலகைகளையும் கழற்றி, உள்ளே அரிப்பு இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். கழற்றிப் பார்த்தபின் எதிர்பாராத ஒன்று தென்பட்டால் இன்னும் நீளும். இருபது விமானம் இருந்தால் எப்போதும் ஒன்று கூடாரத்தில் இருக்கும், கால அட்டவணையே அதற்கேற்பப் போடப்பட்டிருக்கும். ஒன்றே ஒன்று என்றால் அந்த வாரங்களில் நாட்டுக்கு விமானமே கிடையாது. அல்லது வெட் லீஸ் எடுக்க வேண்டும். அதாவது விமானம், விமானி, சிப்பந்தி, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து வேறு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுப்பது. அவசரத்தில் கேட்கிறவனுக்கு வாடகை எப்போதும் அதிகம்தான்.

கடலின் உப்புக் காற்று அடிக்கிற ஓடுபாதையில் பெரிய கூடாரமோ, உதிரிபாகக் கிடங்கோ, நூறு தொழில்நுட்பர்களோ வைக்க முடியாது. எனவே விமானம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஒரே விமானம் தன் நாட்டில் கழிப்பது வாரத்தில் சில மணி நேரம். மீதியெல்லாம் பிறர் மண்ணில்.

அடுத்தது எரிபொருள். பிரிஸ்பேனிலிருந்து நவுரு ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். 737-400 மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரிக்கும். ஆக, போய்ச் சேரவே 11 டன். சரி, போய்ச் சேர்ந்தபோது மேலே மழைச் சுவர் நின்றால்? ஓடுபாதை ஒன்றுதான். அதன் குறுக்கே ஏதாவது நின்றுவிட்டாலும் அதே கதி. அருகில் இருக்கிற பெரிய ஓடுபாதை கிரிபாட்டியின் தலைநகரான தாராவாவில், 700 கிலோமீட்டர் தள்ளி. அங்கே போய் அரை மணி நேரம் வட்டமிட்டு இறங்க இன்னும் 4 டன் வேண்டும். பக்கத்தில் மாற்றுத்தளமே இல்லாத தளத்துக்குப் போகிறவர்கள் மேலே 2 மணி நேரம் பறக்கிற அளவுக்கு எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்ற பன்னாட்டு நெறி உண்டு. அந்தக் கணக்கில் போட்டால் 5 டன். கூட்டினால் 15, 16 டன். கூடுதல் தொட்டி பொருத்தாத 737-400-இன் கொள்ளளவே ஏறக்குறைய 16 டன்தான். வழியில் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகிற வழி ஏன் வழக்கமாயிற்று என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. அந்த 5 டன் என்பது பெட்டியோடு சேர்த்து ஐம்பது பயணிகளின் எடை. வேறு ஊருக்குப் போகிற விமானம் அந்த எடையில் சீட்டு விற்கும். நவுருவுக்குப் போகிற விமானம் பயன்படாமல் போகட்டும் என்ற வேண்டுதலோடு எரிபொருளைச் சுமந்து போகும்.

மூன்றாவது, ஆள். தலைமை விமானி, பாதுகாப்பு மேலாளர், பயிற்சிப் பொறுப்பாளர், பராமரிப்புக் கட்டுப்பாட்டாளர் என்று ஒரு விமான நிறுவனத்துக்கு உரிமம் தருகிறவர்கள் கேட்கிற பொறுப்புகள் விமானத்தின் எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை. விமானிகளுக்கு ஓய்வு விதிகள் உண்டு என்பதால் ஒரு விமானத்துக்கு நாலைந்து ஜோடி வேண்டும். இந்தச் செலவு முழுவதையும் அந்த ஒரே விமானத்தின் சீட்டுகள் தாங்க வேண்டும்.

வழியில் பழுதானால் என்ன ஆகும் என்று பாருங்கள். தாராவாவில் எஞ்சினை இயக்குகிற ஸ்டார்ட்டர் கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஓஜி என்பார்கள், விமானம் தரையில் மாட்டிக்கொண்டது என்று பொருள். இதை எதிர்பார்த்துத்தான் இத்தகைய நிறுவனங்கள் விமானத்தோடு ஒரு பொறியாளரையும் ஒரு பெட்டி உதிரிபாகங்களையும் சேர்த்து அனுப்பும். பெட்டியில் இருக்கிற பாகம் என்றால் இரண்டு மணி நேரத் தாமதம். இல்லாத பாகம் என்றால், அதைக் கொண்டுவர விமானம் வேண்டும். அந்த விமானம்தான் தாராவாவில் நிற்கிறதே! தனி மரம் தோப்பாகாது என்பதை இதைவிடக் கூர்மையாக எங்கும் காண முடியாது.

ஜப்தி

அமெரிக்காவில் செய்த பொருளை வெளிநாட்டவர் வாங்கக் கடனும் உத்தரவாதமும் தருவது அந்நாட்டு ஏற்றுமதி–இறக்குமதி வங்கியின் வேலை. அந்த வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணைகளில் ஏர் நவுரு பின்தங்கியிருந்தது. நாட்டின் கஜானாவும் அப்போது காலி. நவுரு ஹவுஸ் உட்பட ஆஸ்திரேலியாவில் இருந்த சொத்துகள் 2004-இலேயே கடனுக்காகக் கை நழுவிவிட்டன. விஷயம் ஆஸ்திரேலிய நீதிமன்றத்துக்குப் போய், வங்கியின் பக்கம் தீர்ந்தது. மெல்போர்னில் நின்ற விமானம் அங்கேயே நின்றது.

விமானத்தைத் தீவிலேயே வைத்திருந்தால் யாரும் தொட்டிருக்க முடியாதே என்று கேட்கலாம். தொட்டிருக்க முடியாதுதான். ஆனால் சோதனைக்குப் போகாத விமானம் சில வாரங்களில் பறக்கும் தகுதியை இழந்துவிடும். பறக்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவில் இறங்கியே தீர வேண்டும். அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு நாளும் அது கடன்காரரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

வங்கி செய்தது சட்டப்படி சரி. அதை நான் குறை சொல்லவில்லை. என் வருத்தம் வேறு. அடமானப் பத்திரத்தில் ஒரு ஜெட்டின் பெயர் இருந்தது, ஒரு நாட்டின் போக்குவரத்து முழுவதும் அதற்குள் இருந்தது. பத்திரம் எழுதியபோது நவுருவிடம் வேறு சொத்துகளும் வருமானமும் இருந்தன, எனவே இரண்டும் ஒன்றாகிவிடும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஆபத்து கையெழுத்திட்ட நாளில் வரவில்லை. மற்றவை ஒவ்வொன்றாகப் போய் அது மட்டும் மிஞ்சிய நாளில் வந்தது. இரண்டு விமானம் ஒன்றாகக் குறைகிற கட்டத்தில், மிஞ்சுகிற விமானத்தின் மேல் என்ன பாரம் இருக்கிறது, அதை வேறு ஈட்டுக்கு மாற்ற முடியுமா என்று யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இந்த நிகழ்வின் உண்மையான தவறு அங்கே இருக்கிறது என்பது என் முடிவு.

பத்தாண்டு கழித்து நடந்த இன்னொரு வழக்கை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நவுரு உத்தரவாதம் தந்திருந்த பழைய யென் கடன் பத்திரங்களுக்காக ஃபயர்பேர்டு என்ற முதலீட்டு நிறுவனம், ஆஸ்திரேலிய வங்கியில் இருந்த நவுரு அரசின் கணக்குகளை முடக்க முயன்றது. 2015 டிசம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அதை அனுமதிக்கவில்லை. வணிக நோக்கத்துக்கு இல்லாத அரசுச் சொத்தை வெளிநாட்டில் ஜப்தி செய்ய முடியாது என்பது விதி. அந்தக் கணக்குகளில் விமானக் குத்தகையோடு தொடர்புள்ளதும் ஒன்று. வேறு போக்குவரத்தே இல்லாத தீவுக்கு விமானம் ஏற்பாடு செய்வது வியாபாரம் அல்ல, அரசின் கடமை என்ற பார்வை அங்கே எடுபட்டது. 2005-இன் நிலை இதிலிருந்து வேறு. தானாக முன்வந்து அடமானம் வைத்த பொருளுக்கு அந்தக் காப்பு கிடையாது.

விமானம் இல்லாத மாதங்கள்

ஜப்திக்குப் பிறகு நவுரு வாடகை விமானங்களை நம்பிக் காலம் தள்ளியது. தாராவாவுக்கும் இதே அடி, ஏர் நவுருவின் பாதை அங்கேயும் போய்க்கொண்டிருந்ததால். பாஸ்பேட் நாள்களில் காலி இருக்கையோடு பறந்த அதே நிறுவனத்துக்கு, இருக்கை வேண்டியிருந்தபோது விமானம் இல்லை.

உதவி தைவானிலிருந்து வந்தது. 2002-இல் சீனாவை அங்கீகரித்த நவுரு, 2005 மே மாதத்தில் மறுபடி தைவான் பக்கம் திரும்பியிருந்தது. தைவானின் உதவியோடு ஒரு பழைய போயிங் 737-300 வாங்கப்பட்டது. 2006 அக்டோபரில் நிறுவனம் மீண்டும் பறந்தது, 'அவர் ஏர்லைன்' என்ற புதுப் பெயரில். ஆங்கிலத்தில் நமது விமான நிறுவனம் என்று பொருள். அக்கம்பக்கத் தீவு நாடுகளும் சேர்ந்து இதைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம் அந்தப் பெயரில் இருந்தது. நான்கைந்து சிறு நாடுகள் கூடி இரண்டு மூன்று விமானம் வைத்திருந்தால் ஒன்று கூடாரத்தில் இருக்கும்போது மற்றது பறக்கும். கணக்குப்படி இதைவிட நல்ல யோசனை இல்லை. ஆனால் சொந்த வால்பகுதியில் சொந்தக் கொடி வேண்டும் என்ற ஆசை எல்லா நாட்டுக்கும் உண்டு, அதைத் தவறென்று சொல்லவும் முடியாது. 2014-இல் பெயர் நவுரு ஏர்லைன்ஸ் என்று மாறியது.

அக்கம்பக்கத்தில் நடந்தவை இந்தச் சிக்கல் நவுருவுக்கு மட்டுமானது அல்ல என்று காட்டுகின்றன. டோங்காவின் ராயல் டோங்கன் ஏர்லைன்ஸ், புருனேயிடம் குத்தகைக்கு எடுத்த ஒரு போயிங் 757-ஐ வைத்து நீண்ட தூரம் பறக்கப் பார்த்தது. குத்தகைப் பணம் கட்ட முடியாமல் விமானம் போயிற்று, 2004-இல் நிறுவனமும் மூடப்பட்டது. 2024-இல் ஏர் வனுவாட்டுவின் ஒரே 737 பராமரிப்புக்காகத் தரையில் நின்றது, உதிரிபாகம் வரத் தாமதமானது. அந்த மே மாதத்தில் நிறுவனம் கலைப்பாளர்களின் கைக்குப் போனது. அதனிடம் உள்நாட்டுக்கான சிறு விமானங்கள் இருந்தன. ஆனால் வருமானம் தந்தது அந்த ஜெட்.

நவுரு தப்பித்தது எப்படி? தன் தேவைக்கு மட்டும் விமானம் வைத்துக்கொள்வதை விட்டு, பிறருக்காகப் பறந்து சம்பாதிக்கத் தொடங்கியது. 10,000 பேர் கொண்ட தீவால் இரண்டாவது விமானத்தை நிரப்ப முடியாது. ஆனால் அந்த இரண்டாவது விமானம் வேறு தீவுக்கு ஒப்பந்தத்தில் பறந்தால் அதன் செலவை அது பார்த்துக்கொள்ளும், அவசரத்துக்கு வீட்டுக்கும் உதவும். ஆஸ்திரேலியாவின் நார்ஃபோக் தீவுக்கான சேவையை அப்படி எடுத்து நடத்தினார்கள். பிறகு வாடகைப் பறப்புகள், சரக்கு என்று விரிந்தது.

2006-இல் வந்த 737-300-இன் பதிவு எண் விஎச்-ஐஎன்யு. ஐஎன்யு என்பது நவுரு விமான நிலையத்தின் குறியீடு. அடுத்து வந்ததற்கு விஎச்-என்எல்கே. அது நார்ஃபோக் விமான நிலையத்தின் குறியீடு. ஒன்று கூடாரத்துக்குள் பலகைகள் கழற்றப்பட்டுக் கிடந்தாலும் மற்றொன்று பறக்கலாம். யாரென் மாவட்டத்தில் சாலையோரம் வண்டிகள் நின்று வழிவிடலாம்.